‘பூச்சி பறக்குது’ என்று அப்பா சொன்னால்...

அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். “கண்ணு முன்னால பூச்சி பறக்கிற மாதிரியே இருக்குப்பா.” “இந்த ஜன்னல் கம்பி ஏன் வளைஞ்சு தெரியுது?” “இப்பல்லாம் கண்ணாடி போடாமலே பேப்பர் படிக்கிறேன், தெரியுமா?” முதல் இரண்டுக்கும் வீட்டார் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: “வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்.” மூன்றாவதுக்குப் பாராட்டே கிடைக்கும்.

மூன்றுமே கண் தரும் தகவல்கள். முதலாவது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. சிலருக்கு மட்டும் சில நாள்களில் பார்வையைப் பறித்துவிடக்கூடியது. இரண்டாவதைக் கேட்ட வாரத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டும். மூன்றாவது, மகிழ்ச்சியோடு சொல்லப்பட்டாலும், கண்புரையின் ஆரம்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றைப் பிரித்துப் பார்க்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. அப்பாவிடமும் அம்மாவிடமும் அடுத்ததாக என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும். முதுமையில் பார்வை இழக்கும் பலருக்கு அந்த இழப்பு அறிவிப்பில்லாமல் வருவதில்லை. அறிவிப்பு வந்தது, ‘வயசு’ என்ற ஒரு சொல்லில் அது அமுங்கிப்போனது என்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியதும் அந்த ஆதங்கம்தான்.

பூச்சியும் மின்னலும்

கண்ணின் உள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்னும் தெளிந்த கூழ். மொத்தமே 4 மில்லிலிட்டர்தான். 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதைக் கூழாகப் பிடித்து வைத்திருப்பவை மிக நுண்ணிய கொலாஜன் இழைகள். இளம் வயதில் நுங்குச் சதைபோல வழவழவென்று, ஒளி தடையின்றிப் போகும்படி இருக்கும் இந்தக் கூழ், நாற்பது ஐம்பதுக்கு மேல் அங்கங்கே நீர்த்துப்போகிறது. தண்ணீர் தனியாகப் பிரிய, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாகச் சுருள்கின்றன. வெளிச்சம் உள்ளே வரும்போது அந்தத் திரிகளின் நிழல் விழித்திரையில் விழுகிறது. பூச்சி, கொசு, நூல், முடி, ஒட்டடை என்று அவரவர் வாய்க்கு வந்த பெயரில் சொல்வது அந்த நிழலைத்தான். வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ பார்க்கும்போது நன்றாகத் தெரியும். உற்றுப் பார்க்கப் போனால் நழுவும். கண் நின்ற பிறகும் கொஞ்சம் மிதந்து ஓயும்.

இதுவரை பயப்பட எதுவுமில்லை. பல ஆண்டுகளாக அதே இரண்டு மூன்று பூச்சிகள்தான் என்றால் மூளை அவற்றுக்குப் பழகி ஒதுக்கிவிடும். அவற்றைக் கரைப்பதாகச் சொல்லி விற்கப்படும் சொட்டு மருந்துக்கும் லேகியத்துக்கும் காசைச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்த கட்டத்தில்தான் கவனம் தேவை. நீர்த்துச் சுருங்கும் கூழ் ஒரு நாள் விழித்திரையைவிட்டு விலகும். ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வயதுக்குள் பெரும்பாலோருக்கு இது நடக்கிறது. பலருக்குச் சுமுகமாகவே முடிந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் கூழ் ஓரிரு இடங்களில் விழித்திரையோடு இறுக ஒட்டியிருக்கும். விலகும்போது அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. இழுத்தாலும் கிழிந்தாலும் அது மூளைக்கு அனுப்பத் தெரிந்த ஒரே செய்தி வெளிச்சம். அதனால்தான் விளக்கணைத்த அறையில் கண்ணைத் திருப்பும்போது ஓரத்தில் பளிச்சென்று மின்னல் வெட்டுகிறது. வலியில்லாததால்தான் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதுமில்லை.

இப்படிப் புதிதாகப் பூச்சியோ மின்னலோ தோன்றி வருகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு விழித்திரையில் கிழிசல் இருக்கும். மற்ற ஒன்பது பேரையும் “ஒன்றுமில்லை, சில வாரம் கழித்து ஒருமுறை காட்டுங்கள்” என்று மருத்துவர் அனுப்பிவிடுவார். அந்தப் பத்தாவது ஆள் யார் என்பதை வீட்டிலிருந்து கண்டுபிடிக்க எந்த வழியும் கிடையாது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையின் கடைசி ஓரம்வரை பார்த்தால்தான் தெரியும்.

எனவே அப்பா ‘பூச்சி பறக்குது’ என்றதும் கேட்க வேண்டியது இதுதான்: எப்போதிருந்து? ஒன்றிரண்டா, திடீரென்று கூட்டமாக, மிளகுப்பொடியைத் தூவிவிட்ட மாதிரியா? மின்னல் அடிக்கிறதா? பார்வையின் ஏதாவது ஒரு பக்கத்தில் நிழலோ திரையோ இறங்குகிறதா? நேற்று முந்தாநாள் தொடங்கியது என்றாலோ, மின்னலும் சேர்ந்திருந்தாலோ அன்றைக்கோ மறுநாளோ காட்டிவிட வேண்டும். திரை இறங்குகிறது என்றால் உடனே கிளம்ப வேண்டும். “இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, திங்கக்கிழமை பாத்துக்கலாம்” என்ற யோசனை இந்த ஒரு விஷயத்தில் மிகவும் ஆபத்தானது.

காரணம் எளிது. கிழிசல் வழியாக நீர் உள்ளே புகுந்து, சுவரிலிருந்து காரை பெயர்வதைப் போல விழித்திரையைப் பின்னாலிருந்து பிரிக்கத் தொடங்குகிறது. ஓரத்தில் ஆரம்பிப்பது நடுவை நோக்கி நகர்கிறது. கூர்ந்த பார்வைக்குரிய நடுப்பகுதியான மேக்குலா இன்னும் ஒட்டியிருக்கும்போதே அறுவை சிகிச்சை நடந்துவிட்டால் பார்வை பெரும்பாலும் தங்கும். மேக்குலாவும் பிரிந்த பிறகு செய்தால் விழித்திரையை ஒட்டவைக்கலாம். பழைய கூர்மை முழுதாகத் திரும்புவது அரிது. கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையே தேவைப்படாது. புறநோயாளியாக உட்காரவைத்துச் சில நிமிடங்களில் லேசரால் கிழிசலைச் சுற்றி வேலி போட்டுவிடுவார்கள். அன்றே வீட்டுக்குத் திரும்பலாம்.

இந்த ‘கிழிசல்’ என்ற விஷயம் மருத்துவ உலகுக்கே தாமதமாகத்தான் உறைத்தது. விழித்திரை விலகினால் பார்வை போனதுதான் என்று இருந்த காலத்தில், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரக் கண் மருத்துவர் ஜூல் கோனான் (1870–1935), எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சிறு கிழிசல்தான், அதைக் கண்டுபிடித்து அடைத்தால் விழித்திரை மீண்டும் ஒட்டும் என்று வாதாடினார். கிழிசல் விளைவுதான், காரணமாக இருக்க முடியாது என்று சக மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் மறுத்தார்கள். அவர் விழித்திரையைப் பொறுமையாக ஆராய்ந்து, கிழிசல் இருக்கும் இடத்தைக் கணித்து, சூடான கருவியால் சுட்டு அடைத்தார். 1929இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த பன்னாட்டுக் கண் மருத்துவ மாநாட்டில்தான் அவர் கருத்துக்கு முழு அங்கீகாரம் கிடைத்தது. இன்றைக்கு லேசர், விட்ரியஸை அகற்றும் நுண் அறுவை, உள்ளே வைக்கும் வாயுக் குமிழி, சிலிக்கான் எண்ணெய் என்று கருவிகள் மாறிவிட்டன. செய்வது என்னவோ கோனான் சொன்னதைத்தான்.

வாயு வைத்து அனுப்பியவர்களுக்கு மருத்துவமனையில் ஒன்றை அழுத்திச் சொல்வார்கள்: குமிழி கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, கொடைக்கானல், ஊட்டி போன்ற மலைகளுக்கும் போகக் கூடாது. உயரம் கூடக்கூட வாயு விரிந்து கண்ணின் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போட்டவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணில் பலமாக அடிபட்டவர்கள், குடும்பத்தில் யாருக்காவது விழித்திரை விலகியவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். “புரை ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, இனி கண்ணுக்கு ஒண்ணும் வராது” என்ற நம்பிக்கை நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அது சரியில்லை.

வளையும் கோடு

கோனானிடம் பயின்று, அவருக்குப் பின் லொசானில் அவர் இடத்துக்கு வந்தவர் மார்க் அம்ஸ்லர். அவர் உலகுக்குத் தந்தது ஒரு காகிதம். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம், அதற்குள் 5 மில்லிமீட்டர் கட்டங்கள், நட்ட நடுவில் ஒரு புள்ளி. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்ற கண்ணால் புள்ளியையே பார்க்க வேண்டும். தாள் கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். கோடுகள் நெளிகின்றனவா, ஏதாவது கட்டம் காணாமல் போகிறதா, நடுவில் மங்கலான திட்டு உண்டா என்று கவனித்து, பிறகு அடுத்த கண். அம்ஸ்லர் கட்டம் என்றே அதற்குப் பெயர். வீட்டில் கிராஃப் தாள் இருந்தால் அதில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் குளியலறை டைல்ஸ் இடுக்குகள், ஜன்னல் கம்பி, கதவு நிலை, எதுவும் உதவும். தினமும் வாசலில் கோலம் போடுகிற அம்மா, “புள்ளி நேராத்தான் வைக்கிறேன், வரிசை மட்டும் கோணுது” என்றால் அது கைநடுக்கம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

நேர்கோடு வளைகிறது என்றால் மேக்குலாவில் ஏதோ மேடுபள்ளம் ஏற்பட்டிருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று முதுமையில் வரும் மேக்குலா சிதைவு. அதில் ‘உலர்ந்த’ வகை மெதுவாக நகரும். ‘ஈர’ வகையில் விழித்திரைக்கு அடியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து, கசிந்து, சில வாரங்களிலேயே நடுப்பார்வையைக் கெடுத்துவிடும். முகம் பார்த்துப் பேச முடியாது; படிக்க முடியாது; பக்கப் பார்வை மட்டும் மிஞ்சும்.

2000த்துக்கு முன் ஈர வகைக்கு நல்ல வைத்தியம் இல்லை. புற்றுக்கட்டிகள் தமக்கென இரத்தக் குழாய் வளர்த்துக்கொள்வதை ஆராய்ந்தவர்களின் உழைப்பில்தான் வழி பிறந்தது. அந்த வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் பெவாசிஸுமாப் என்ற மருந்து 2004இல் அமெரிக்காவில் குடல் புற்றுக்காக அனுமதி பெற்றது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ரானிபிஸுமாப் 2006இல் கண்ணுக்கென்றே வந்தது. கண்ணுக்குள் ஊசியா என்று கேட்டதும் எவரும் பதறுவார்கள். மரத்துப்போக மருந்து விட்ட பிறகு சில விநாடிகளில் முடிந்துவிடுகிற ஊசி அது. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. முதலில் மாதம் ஒன்றாக, பிறகு இடைவெளி விட்டு, பல ஊசிகள் போட வேண்டியிருக்கும். செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் பார்வையை இழக்கிறார்கள். இரண்டு ஊசிகளுக்குப் பிறகு ‘பரவாயில்லை’ என்று தோன்றுவது ஊசியின் பலன்; நோய் போய்விட்டதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. புகைப்பழக்கம் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதும் உறுதியாக நிறுவப்பட்ட ஒன்று.

கண்ணாடி தேவைப்படாத பாட்டி

வெள்ளெழுத்துக் கண்ணாடியை இருபது ஆண்டு போட்ட பாட்டி திடீரென்று அது இல்லாமல் பஞ்சாங்கம் படிக்கிறார் என்றால், பார்வை திரும்பவில்லை. கண்ணின் லென்ஸ் நடுவில் கெட்டிப்பட்டு, அதன் திறன் மாறி, அவருக்குக் கிட்டப்பார்வை வந்திருக்கிறது. அருகில் உள்ளது தெளிய, தூரத்துப் பேருந்தின் போர்டு மங்கும். கூடவே எதிர்வரும் வண்டி விளக்கு கண்ணைக் கூசும், நிலவு இரண்டாகத் தெரியும், வெள்ளை வேட்டி பழுப்பேறித் தோன்றும். கண்புரைதான்.

இதில் அவசரமில்லை, அலட்சியமும் வேண்டாம். “முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்பது பழைய முறை அறுவைக்கு ஏற்ற அறிவுரை. இன்றைய முறையில் அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வந்ததும் எடுத்துவிடலாம். அதிகம் முற்றினால் அறுவைதான் கடினமாகும். மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அதன் பகுதியாக 1992இல் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய ஆரோலேபும் இந்த அறுவையை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தன. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். அறுவை முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மறுபடி மங்கினால் ‘புரை திரும்பி வளர்ந்துவிட்டது’ என்று சோர்ந்துபோக வேண்டாம். லென்ஸைத் தாங்கும் மெல்லிய உறை மங்கியிருக்கும். லேசரால் சில நிமிடங்களில் வழி திறந்துவிடலாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் நீர் கோத்து மாறும். இந்த வாரம் ஒரு பவர், அடுத்த வாரம் வேறு பவர். சர்க்கரை சில வாரம் நிலையாக நின்ற பிறகு கண்ணாடி வாங்குங்கள்.

யாரும் சொல்லாத நோய்

இதுவரை பார்த்தவை வாய்விட்டுச் சொல்லப்படும் தொந்தரவுகள். எனக்கு அதிகக் கவலை தருவது எவரும் சொல்லாத ஒன்று. சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கே தெரியாது.

நம் ஒவ்வொரு கண்ணிலும் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்லே கிடையாது. பிறவியிலிருந்து எல்லோருக்கும் உள்ள இந்த ஓட்டையை 1660களில் பிரெஞ்சு அறிவியலாளர் எட்மே மாரியோத் கண்டு சொல்லும்வரை அப்படி ஒன்று இருப்பதே அறிவியலுக்குத் தெரியாது. ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் ஈடுகட்டுகிறது. மிச்சத்தைச் சுற்றிலும் உள்ளதைக் கொண்டு மூளை நிரப்பிவிடுகிறது. நலமாக இருக்கும்போது நமக்கு உதவும் அதே ஏற்பாடு, நோய் வரும்போது அதை நம்மிடமிருந்தே மறைத்துவிடுகிறது.

கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாகோமா அப்படி மறைந்து வளரும் நோய். பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உள்ளன. அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. முதலில் போவது பெரும்பாலும் ஓரப் பார்வை. நேரே உள்ளதைப் படிக்க முடியும், டிவி பார்க்க முடியும், கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரிவரை வாசித்துவிட முடியும். கதவு நிலையில் தோள் இடிக்கும், கடைசிப் படி தவறும், பக்கத்தில் வைத்த காபி டம்ளரைக் கை தட்டிவிடும். “அந்த ஸ்கூட்டர்க்காரன் எங்கிருந்துதான் வந்தானோ” என்று சாலையில் திட்டுவார். கவனக்குறைவு என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள். தமிழகக் கிராமங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் நடத்திய ஆய்வுகளில், கிளாகோமா இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த நாள்வரை அது தெரியாமலே இருந்தது. மடிந்த நரம்பு இழை திரும்புவதில்லை. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து இருக்கிறது. தினமும், ஆயுளுக்கும் விட வேண்டும். விட்டால் பார்வை கூடுவதாகத் தெரியாது என்பதால்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த நோயில் இன்னொரு வகை உண்டு. அது சத்தம் போட்டு வரும். மாலை மங்கிய நேரத்தில் ஒரு கண்ணில் கடும் வலி, அதே பக்கம் தலைவலி, கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி. ஆசிய நாட்டவரிடமும், பெண்களிடமும், தூரப்பார்வைக் கண்ணாடி அணிவோரிடமும் கூடுதலாகக் காணப்படுவது. வாந்தியைப் பார்த்துப் பித்தம் என்றும், தலைவலியைப் பார்த்து ஒற்றைத் தலைவலி என்றும் மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தால் விடிவதற்குள் பார்வைக்குக் கேடு வரலாம். வலிக்கிற கண் சிவந்திருக்கிறதா, மங்கலாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு இரவானாலும் கூட்டிப் போங்கள்.

கிளாகோமா பற்றிப் பேசும்போது மருந்துக் கடையைப் பற்றியும் பேசியாக வேண்டும். கண் உறுத்தல், சிவப்பு என்றதும் சீட்டில்லாமல் வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாளில் சுகம் கிடைக்கும். அதையே மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறும், புரையும் வரும். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த மருந்தை வாங்கி விடுவது நம் ஊரில் அன்பின் அடையாளம். கண் விஷயத்தில் அந்த அன்பு வேண்டாம்.

சில நிமிட இருட்டு

ஒரு கண்ணில் திடீரென்று இருட்டிப் போய், ஐந்து பத்து நிமிடத்தில் தானாகத் தெளிந்துவிட்டால் யாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை. ‘பித்த மயக்கம்’ என்று எலுமிச்சைச் சாறு குடிப்பார்கள். கழுத்து இரத்தக் குழாயிலிருந்தோ இதயத்திலிருந்தோ கிளம்பிய ஒரு சிறு இரத்தக் கட்டி கண்ணின் குழாயைக் கொஞ்ச நேரம் அடைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். அடுத்தது மூளைக்குப் போகலாம். பக்கவாதத்துக்கான முன்னறிவிப்பாக இதை எடுத்துக்கொண்டு அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இருட்டு தெளியவே இல்லை என்றால் அது கண்ணில் வந்த பக்கவாதம். மணிக்கணக்குத்தான் அவகாசம், 108ஐ அழையுங்கள். கண் மருத்துவமனையைவிடப் பக்கவாத சிகிச்சை உள்ள மருத்துவமனைதான் அப்போது முக்கியம். திடீரென்று எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்து, கூடவே ஓர் இமை தொங்கி, தலை வலித்தாலும் அப்படியே.

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பார்க்கும் வளைந்து மினுங்கும் பல்வரிசைக் கோடு வேறு வகை. இரண்டு கண்ணிலும் தெரியும், மெல்லப் பரவும், இருபது முப்பது நிமிடத்தில் ஓயும். பெரும்பாலும் தீங்கில்லை. ஐம்பதுக்கு மேல் முதன்முறையாக வந்தால் மட்டும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

வாசலில் நிற்கும் அந்நியர்கள்

பெரியவர்கள் மறைத்து வைக்கும் ஒன்று இருக்கிறது. இதைப் பற்றித் தமிழ் வீடுகளில் பேச்சே இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1760இல் ஜெனீவாவின் இயற்கை அறிவியலாளர் ஷார்ல் போனே தன் தாத்தா ஷார்ல் லுல்லானுக்கு நேர்ந்ததை எழுதி வைத்தார். கண்புரையால் பார்வை மிகவும் மங்கியிருந்த அந்த முதியவரின் கண்முன் மனிதர்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் தோன்றி மறைந்தன. அறிவு தெளிவாக இருந்தது. அவை உண்மையில்லை என்பது அவருக்கே தெரியும். போனேயின் பார்வையும் பிற்காலத்தில் கெட்டது. இருபதாம் நூற்றாண்டில் இந்த நிலைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கண்ணிலிருந்து வர வேண்டிய தகவல் குறைந்துபோகும்போது, மூளையின் பார்வைப் பகுதி தானாகவே உருவங்களை உண்டாக்கத் தொடங்குகிறது. மேக்குலா சிதைவு, கிளாகோமா, முற்றிய புரை, சர்க்கரையால் கெட்ட விழித்திரை, எந்தக் காரணத்தால் பார்வை குறைந்தாலும் இது வரலாம். சிலருக்குச் சுவரில் கட்டம் கட்டமாகக் கோலங்கள். சிலருக்கு முன்பின் பார்த்திராத முகங்கள், குள்ள உருவங்கள், வரிசையாகக் குழந்தைகள். ஒலி எதுவும் கேட்பதில்லை. அந்த உருவங்கள் பேசுவதில்லை, தொடுவதில்லை.

இதை ஒரு பாட்டி தன் மகனிடம் சொல்வாரா? சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள், அல்லது காத்துக் கருப்பு என்று தாயத்துக் கட்ட அழைத்துப் போவார்கள். இரண்டுக்கும் பயந்து பலர் வாய் திறப்பதில்லை. தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று இரவெல்லாம் தனியாக அஞ்சிக்கொண்டிருப்பது பார்வை போவதைவிடக் கொடுமை. ஆகவே பார்வை மங்கிய பெரியவர் வீட்டில் இருந்தால் நாமே கேட்க வேண்டும்: “இல்லாதது ஏதாவது தெரியுதாம்மா? நிறையப் பேருக்கு அப்படி வருமாம், கண்ணாலதான் வருதாம்.” இந்த ஒரு கேள்வியே பாதி மருந்து. விளக்கைக் கூடுதலாகப் போடுவது, கண்ணைப் பலமுறை சிமிட்டுவது, பார்வையை வலமும் இடமுமாக வேகமாகத் திருப்புவது ஆகியவை பலருக்கு உருவங்களைக் கலைத்துவிடும். புரை காரணமாக இருந்தால் அறுவைக்குப் பின் அவை நின்றுபோகவும் கூடும்.

அந்த உருவங்கள் உண்மை என்றே அவர் நம்பினால், குரல் கேட்டால், மறதியும் நடைத் தளர்ச்சியும் சேர்ந்திருந்தால், காய்ச்சலோடு திடீரென்று தொடங்கினால், அது வேறு நோயாக இருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும்போது

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதைக் கண் பரிசோதனை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே விழித்திரையையோ நரம்பையோ பார்ப்பதில்லை. நாற்பதுக்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அறுபதுக்கு மேல் ஆண்டுதோறும், சர்க்கரை உள்ளவர்கள் அது கண்டறியப்பட்ட ஆண்டிலிருந்தே ஆண்டுதோறும் கண் மருத்துவரிடம் போக வேண்டும். கிளாகோமா உள்ளவரின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் காத்திருக்கவே கூடாது. கண்ணின் அழுத்தம் எவ்வளவு, பார்வை நரம்பு எப்படி இருக்கிறது, மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தீர்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடும் கிளாகோமாவும் இருப்பதால் முதல் கேள்வியோடு நிறுத்திவிட வேண்டாம். காசநோய்க்கு எத்தாம்பியூட்டாலோ, மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுவினோ சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்ல வேண்டும். இரண்டும் பார்வையைப் பாதிக்கக்கூடிய மருந்துகள்.

சென்னையில் 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும், மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் இருக்கின்றன. சிற்றூர்களில் அரவிந்தின் பார்வை மையங்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. அங்கே எடுக்கும் தகவலைத் தொலைவிலிருக்கும் மருத்துவர் அப்போதே பார்த்துச் சொல்கிறார். மருந்து விட்ட பிறகு நான்கைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து தெரியாது. அதனால் துணைக்கு ஒருவர் போங்கள்; மருந்து விட்டுக்கொண்டவர் வண்டி ஓட்டக் கூடாது.

புதிய மின்னல், திரை, திடீர் இருட்டு, வலியோடு சிவந்த கண். இவற்றில் எதற்காகப் போனாலும் பதிவுச் சீட்டு போடும் இடத்திலேயே அதைச் சொல்லுங்கள். டோக்கன் எண் வரட்டும் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டாம். சொன்னால் முன்னால் அழைத்துக்கொள்வார்கள்.